பிழை இருந்தால் சொல்லவும்

கொப்பனாபட்டி சொக்கலிங்கத்தை
என் மென்பொருள் இரண்டு ஆளாக்கிவிட்டது.
ஒருவர் ஆயிரத்தொன்று மொய் எழுதியிருக்கிறார்.
இன்னொருவர் பெயருக்கு நேரே பூஜ்யம்.
பெண்வீட்டார் பூஜ்யத்தை மட்டும் பார்த்துவிட்டு
மூன்று மாதமாய் அவரோடு பேசுவதில்லை.

காரைக்குடி, செக்காலை ரோடு,
ஜெராக்ஸ் கடை மாடி, இரவு பதினொன்று.
திரையில் இரண்டு பெயரும் மேலும் கீழும்.
கண்ணுக்கு மயிரிழை வித்தியாசம் இல்லை.

புதுவயலுக்குப் போன் போட்டேன்.
சிக்கந்தர் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன்,
அதாவது, கணக்கு எழுதுகிற நிரலை எழுதுகிறவன்.
"ரெண்டு பேரையும் அனுப்பு."
எழுத்தெழுத்தாய்ப் பிரித்துப் பார்த்தான்.
"ஒருத்தருக்குக் கொம்பு தனி, கால் தனி.
இன்னொருத்தருக்கு ரெண்டும் ஒட்டிப் பிறந்திருக்கு.
உனக்கும் எனக்கும் ஒரே 'சொ'.
மெஷினுக்கு அது பங்காளித் தகராறு."
பதினோரு வரி அனுப்பினான். ஓட்டினேன்.
அறுபத்து மூன்று ஜோடி
முகூர்த்தம் பார்க்காமல் ஒன்று சேர்ந்தது.

பதிலுக்கு அவன் கேட்டது எடைமேடை.
பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ நெல்
அவன் திரையில் நூற்று எண்பத்திரண்டாக வந்து நின்றதாம்.
"மீதி நாற்பது?"
"அடுத்த லாரி தலையில ஏறிக்கிச்சு."
"அது சொல்லி முடிக்கும் முன்னே நீ எழுதிக்கொள்கிறாய்.
வரி முடிந்தது என்று அதுவே சொல்கிறவரை பொறு."
கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும்.
"மூணு நாளா கேபிளை மாத்திக்கிட்டிருந்தேன்" என்றான்.

அப்புறம் எப்போதும்போல் காசுப் பேச்சு.
ஒரே விலையா, மாதச் சந்தாவா?
ஆலை மாதாமாதம் அரைக்கிறது, சந்தாதான் என்றான்.
கல்யாணம் ஒருமுறைதானே என்றேன்.
"வீட்டுக்கு ஒருமுறை. மண்டபத்துக்கு?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று
நிரலோடு அவனையும் சேர்த்து விலை கேட்டதாம்.
மாட்டேன் என்றிருக்கிறான். வீரமெல்லாம் இல்லை.
"அங்கே ஒரு பட்டன் நிறம் மாத்த நாலு கையெழுத்து.
இங்கே மில்காரர் மத்தியானம் திட்டினா
சாயங்காலம் மாத்திருவேன்."

எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை.
என் சுதந்திரம்
ஆவணி முகூர்த்தத்தில் அதிகாலை ஐந்தரைக்கு
"பிரிண்டர் ஓடலைங்க" என்று எழுப்புகிறது.
யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை, உண்மை.
உட்காரவும் நேரமில்லை.

தையில் தேவகோட்டைக்கு ஒரு கல்யாணம், போயிருந்தேன்.
மொய் மேசையில் ஒரு பையன், லேப்டாப்,
திரையின் உச்சியில் நீலப் பட்டை,
அதில் நான் கேள்விப்படாத மதுரைக் கம்பெனி.
ஆனால் தொகைக் கட்டம் மட்டும்
மூன்று வருடம் முன்னால் தூக்கக் கலக்கத்தில்
நான் வைத்தபடியே கொஞ்சம் கீழே சரிந்திருந்தது.

சிகப்பி, காரைக்குடி, ஐந்நூற்றொன்று.
ரசீது வந்தது.
என் பெயரை எடுத்திருந்தார்கள், போன் நம்பரை எடுத்திருந்தார்கள்.
அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி
யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தது:
பிழை இருந்தால் சொல்லவும்.

வெளியே வந்து சிக்கந்தரைக் கூப்பிட்டேன்.
"கேஸ் போடு" என்றான்.
பிறகு, "சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. திரும்பிப் போய்
'சொ'வில் ஒரு பெயரைத் தேடச் சொன்னேன்.
இரண்டு வந்தது.
"இது எப்பவுமே இப்படித்தாங்க்கா."
பையில் பென்டிரைவ் இருந்தது, சாவிக்கொத்தோடு.
கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.
பின்னால் வரிசை நெருக்கியது,
யாரோ வெற்றிலைப் பையால் முழங்கையில் இடித்தார்.

செருகினேன். பதினோரு வரி.
"நீங்க யாருக்கா, கம்பெனி ஆளா?"
ரசீதின் கடைசி வரியில் விரலை வைத்தேன்.
படித்தான், தலையாட்டினான்,
அடுத்தவரிடம் ஊர்ப்பெயர் கேட்கத் திரும்பிவிட்டான்.